விகிதக் கணக்கு: பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் சாயங்கால நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். ஆறாம் வகுப்பில் விகிதம் அறிமுகமாகும். அதோடு விடாது, வயதுக் கணக்கு, கலவைக் கணக்கு, வரைபடம் என்று வேறு வேறு வேஷத்தில் மேல் வகுப்புகளிலும் வந்து நிற்கும். டிஎன்பிஎஸ்சி எழுதப் போகிற அண்ணன் அக்காமார்களும் இதே சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அடிக்கடி கேட்கப்படுவதை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி வைத்திருக்கிறேன். கணக்குகளில் வரும் விலையும் எடையும் கணக்குக்காக நான் வைத்தவை. சந்தை நிலவரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விகிதம்னா என்ன சார்? பின்னத்தைத்தான் ரெண்டு புள்ளி வச்சு எழுதுறோமா?

ஒரே வகையான இரண்டு அளவுகளை எடுத்துக்கொண்டு, ஒன்று மற்றதைப் போல எத்தனை மடங்கு என்று பார்ப்பதுதான் விகிதம். கரையில் 20 கிலோ நெத்திலியும் 12 கிலோ சாளையும் இறங்கினால் விகிதம் 20:12. சுருக்கினால் 5:3. நெத்திலி, சாளையைப் போல 5/3 மடங்கு. அந்த அளவில் பின்னம் என்று சொன்னால் தப்பில்லை.

ஆனால் 5:3 என்று சுருக்கியதும் கிலோ காணாமல் போய்விட்டது. 500 கிலோவும் 300 கிலோவும் இறங்கியிருந்தாலும் அதே 5:3தான். நெத்திலி 5 பங்கு, சாளை 3 பங்கு என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. ஒரு பங்கு எத்தனை கிலோ என்பதை விகிதம் சொல்லாது. விகிதக் கணக்கு எதை எடுத்தாலும் உள்ளே இருக்கும் கேள்வி ஒன்றே: ஒரு பங்கு எவ்வளவு? கீழே வரும் பதில்களில் பாதி இந்தக் கேள்வியைத்தான் துரத்துகின்றன.

3:5ம் 5:3ம் ஒண்ணுதானே? எப்படி எழுதினா என்ன?

ஒன்றில்லை. கேள்வியில் எந்தப் பெயர் முதலில் வருகிறதோ அதன் எண்தான் முதலில். ‘சாளைக்கும் நெத்திலிக்கும்’ என்று கேட்டால் 3:5. மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எண்ணுக்கு மேலே சின்னதாகப் பெயரை எழுதிவிட்டு வேலையைத் தொடங்கினால் போதும்.

2:3ன்னா மூணுல ரெண்டுன்னுதானே அர்த்தம்?

மொத்தத்தோடு ஒப்பிட்டால் இல்லை, ஐந்தில் இரண்டு. இரண்டு பங்கு இந்தப் பக்கம், மூன்று பங்கு அந்தப் பக்கம், மொத்தம் ஐந்து பங்கு. பகுதிக்கும் பகுதிக்கும் உள்ள விகிதம் வேறு, பகுதிக்கும் மொத்தத்துக்கும் உள்ளது வேறு.

நம் மன்னார் வளைகுடா தீவுகளையே பாருங்கள். தேசியப் பூங்காவாக அறிவித்தபோது கணக்கில் 21 தீவுகள். அதில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன. மூழ்கியதற்கும் மீதி இருப்பதற்கும் உள்ள விகிதம் 2:19. மூழ்கியதற்கும் மொத்தத்துக்கும் உள்ளது 2:21. கேள்வித்தாளில் ‘மொத்தத்தில்’ என்ற ஒரு சொல் இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்.

சுருக்கச் சொன்னா எந்த எண்ணால வகுக்கணும்னு தெரியல. முதல் தடவையே சரியான எண் வரணுமா?

வர வேண்டிய அவசியமில்லை. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி (இரண்டையும் மீதியில்லாமல் வகுக்கும் மிகப்பெரிய எண்) தெரிந்தால் ஒரே வகுத்தலில் வேலை முடியும். தெரியாவிட்டால் படிப்படியாக இறங்கலாம். 84:126 என்றால் இரண்டும் இரட்டை எண். 2ஆல் வகுத்து 42:63. இலக்கங்களைக் கூட்டினால் 6, 9, அப்படியானால் 3ஆல் போகும், 14:21. இரண்டும் ஏழாம் வாய்ப்பாட்டில் இருக்கின்றன, 2:3. 42 என்று நேரே கண்டுபிடித்து வகுத்தவனுக்கும் இதே விடைதான். ஒரே விதி: இரண்டு பக்கத்தையும் ஒரே எண்ணால் வகுக்க வேண்டும். ஒரு பக்கம் 2, மறுபக்கம் 3 என்று வகுத்தால் அது வேறு விகிதம்.

சில விகிதம் சுருங்கவே சுருங்காது. அதற்காகப் பயப்பட வேண்டாம். எங்கள் பக்கம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், மொத்தம் 61 நாள். மீதி 304 நாள். 61:304ஐ எதைக்கொண்டு வகுப்பது? 61 பகா எண். 304 அதன் மடங்கும் இல்லை. அப்படியே விட்டுவிட வேண்டியதுதான். 2017க்கு முன்னால் தடைக்காலம் 45 நாளாக இருந்தது. அப்போது கேட்டிருந்தால் 45:320, அதாவது 9:64 என்று அழகாகச் சுருங்கியிருக்கும். பெரிய எண்ணாக நிற்கிறதே, தப்போ என்று சந்தேகப்பட்டு 61:304ஐ 60:300 ஆக்கி 1:5 என்று எழுதி வைப்பவர்கள் உண்டு. தோராயமாகச் சொல்லச் சொன்னால் மட்டும் அது சரி.

ஒண்ணு கிராம்ல இருக்கு, இன்னொண்ணு கிலோல இருக்கு. அப்படியே போட்டுடலாமா?

போடக்கூடாது. 750 கிராமுக்கும் 2 கிலோவுக்கும் உள்ள விகிதம் 750:2 இல்லை; 750:2000, சுருக்கினால் 3:8. 40 நிமிடம், 2 மணி நேரம் என்றால் 40:120, அதாவது 1:3. எப்போதும் சின்ன அலகுக்கு மாற்றுங்கள், தசமம் வராது. அலகு ஒன்றானதும் விகிதத்துக்கு அலகே கிடையாது. விடையில் ‘3:8 கிலோ’ என்று எழுதுவது தப்பு.

புள்ளி வச்ச எண்ணும் பின்னமும் வந்தா பயமா இருக்கு சார்.

முதலில் முழு எண்ணாக்குங்கள், அப்புறம் மேலே சொன்னபடி சுருக்குங்கள். 1.5:2.25 என்றால் இரண்டையும் 100ஆல் பெருக்கி 150:225, அதாவது 2:3. 1/2 : 2/3 என்றால் பின்னங்களின் கீழே உள்ள எண்கள் 2, 3, அவற்றின் மீச்சிறு பொது மடங்கு (இரு எண்களாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச்சிறிய எண்) 6, இரண்டையும் 6ஆல் பெருக்க 3:4.

புதிய பாம்பன் ரயில் பாலத்தில் கப்பல் போவதற்காக மேலே தூக்கும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர். தூணுக்கும் தூணுக்கும் இடையே உள்ள மற்ற கண்கள் ஒவ்வொன்றும் 18.3 மீட்டர். விகிதம் 18.3:72.5. பத்தால் பெருக்கினால் 183:725. அதற்கு மேல் போகாது. 183ன் காரணிகள் 3, 61. 725ல் இருப்பவை 5, 5, 29. பொதுவாக எதுவும் இல்லை. தூரத்தில் நின்று பார்த்து ‘ஒன்றுக்கு நாலு இருக்கும்’ என்று சொன்னால் கண்ணுக்குச் சரி, விடைத்தாளுக்குச் சரியில்லை.

மொத்தப் பணத்தைக் கொடுத்து இந்த விகிதத்துல பிரின்னு சொன்னா, முதல்ல என்ன செய்யணும்?

பங்குகளைக் கூட்ட வேண்டும். மொத்தத்தை அந்தக் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு பங்கு கிடைக்கும். அப்புறம் அவரவர் பங்கால் பெருக்கினால் முடிந்தது. இது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடத்துக்கு முன்பே தெரியும். கடலில் இருந்து வந்ததும் வீட்டில் நடப்பதே இதுதான்.

ஆனால் எந்த மொத்தம் என்பதில் கவனம் வேண்டும். மீன் ஏலம் போனது 42,000 ரூபாய். டீசல், ஐஸ், சாப்பாடு என்று செலவு 12,000. செலவு போக மீதியைப் படகுக்கும் ஆட்களுக்கும் 2:3 என்று பிரிக்க வேண்டும். ஆட்கள் 6 பேர், எல்லோருக்கும் சமம். ஒருவருக்கு எவ்வளவு? அவசரக்காரர்கள் 42,000ஐ 5ஆல் வகுத்துவிடுவார்கள். பிரிய வேண்டியது 30,000தான். ஒரு பங்கு 6,000. படகுக்கு 12,000, ஆட்களுக்கு 18,000, தலைக்கு 3,000. நிஜத்தில் படகுக்குப் படகு பங்கு முறை மாறும். கணக்கு முறை மாறாது.

விடையைச் சரிபார்க்க: பிரித்ததைக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும், சுருக்கினால் பழைய விகிதம் வர வேண்டும். 12,000 + 18,000 = 30,000; 12:18 = 2:3. இரண்டும் ஒத்து வந்தால் நிம்மதியாக அடுத்த கணக்குக்குப் போகலாம்.

மொத்தமே தரலையே! ‘ஒருத்தருக்கு இவ்வளவு கூடுதல்’னு மட்டும்தான் இருக்கு.

அப்போது பங்குகளைக் கூட்டாமல் கழியுங்கள். இரண்டு பேரின் தொகை 4:7, ஒருவருக்கு 1,350 ரூபாய் அதிகம் என்றால், அந்த 1,350 என்பது 7 − 4 = 3 பங்கு. ஒரு பங்கு 450. தொகைகள் 1,800, 3,150. ஒருவரின் தொகையை மட்டும் தந்திருந்தால் இன்னும் சுலபம்; அவருடைய பங்கால் வகுத்தாலே ஒரு பங்கு வந்துவிடும்.

மிளகாய்க்கும் மல்லிக்கும் ஒரு விகிதம், மல்லிக்கும் சீரகத்துக்கும் ஒரு விகிதம். மூணையும் எப்படிச் சேர்க்கிறது?

நடுவில் பொதுவாக இருக்கும் மல்லியை இரண்டு விகிதத்திலும் ஒரே எண்ணாக்க வேண்டும். வீட்டில் குழம்புப் பொடிக்கு முண்டு மிளகாயும் மல்லியும் 2:3, மல்லியும் சீரகமும் 4:1 என்று வைப்போம். (நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பொடியில் அதைப் போடுவதில் எனக்கு மறுபேச்சே இல்லை.) மல்லி ஒன்றில் 3, இன்னொன்றில் 4. மீச்சிறு பொது மடங்கு 12. முதல் விகிதத்தை 4ஆல் பெருக்கி 8:12. இரண்டாவதை 3ஆல் பெருக்கி 12:3. இப்போது சேர்க்கலாம்; மிளகாய் : மல்லி : சீரகம் = 8:12:3.

மொத்தம் 1,150 கிராம் பொடி வேண்டும் என்றால், மேலே பணம் பிரித்த மாதிரியேதான். 23 பங்கு, ஒரு பங்கு 50 கிராம். மிளகாய் 400, மல்லி 600, சீரகம் 150. ‘2:3, 4:1’ என்பதை அப்படியே ஒட்டி 2:3:1 என்று எழுதுகிறவர்கள், முதல் 3ம் அடுத்த 4ம் ஒரே மல்லியைக் குறிக்கின்றன என்பதைப் பார்ப்பதில்லை.

குறுக்குப் பெருக்கல் போட்டா விடை வருது, ஆனா ஏன் வருதுன்னு தெரியல.

3 கிலோ கருவாடு 840 ரூபாய், 5 கிலோ எவ்வளவு? கிலோவும் கிலோவும் 3:5 என்றால் விலையும் விலையும் 3:5ஆகத்தான் இருக்க வேண்டும். அதாவது 3/5 = 840/விலை. இரண்டு பக்கத்தையும் 5ஆலும் விலையாலும் பெருக்கினால் கீழே இருப்பவை அடிபட்டு, 3 × விலை = 5 × 840 என்று நிற்கும். குறுக்கே பெருக்குவது என்று நாம் சொல்வது இந்த இரண்டு படியைத் தாண்டிக் குதிப்பதைத்தான். விலை 1,400.

ஒரு கிலோ 280, ஐந்து கிலோ 1,400 என்று ஓரலகு முறையில் போட்டாலும் அதே விடை. என்னைக் கேட்டால் ஓரலகு முறையே நல்லது. இடம் மாற்றி எழுதிவிட்டோமா என்ற பயமே அதில் கிடையாது. ஒரு அலகின் மதிப்பு அசிங்கமான தசமமாக வரும்போது மட்டும் குறுக்குப் பெருக்கலுக்குப் போங்கள்.

எது நேர் விகிதம், எது எதிர் விகிதம்னு பார்த்ததும் எப்படிச் சொல்றது?

ஒன்றை இரட்டிப்பாக்கினால் மற்றது என்ன ஆகும் என்று மனதில் ஓட்டிப் பாருங்கள். கருவாடு இரண்டு மடங்கு வாங்கினால் விலை இரண்டு மடங்கு, நேர் விகிதம். 6 பேர் சேர்ந்து வலையைச் சரிபார்த்து முடிக்க 10 நாள் என்றால், 12 பேர் உட்கார்ந்தால் 5 நாள், எதிர் விகிதம். நேர் விகிதத்தில் வகுத்தால் வரும் விடை மாறாது. எதிர் விகிதத்தில் பெருக்கினால் வரும் விடை மாறாது. 6 × 10 = 60; 15 பேர் என்றால் 60 ÷ 15 = 4 நாள்.

மூன்றாவது ஒரு வகையும் இருக்கிறது, அதில்தான் கெட்டிக்காரர்களும் விழுவார்கள். 10 கிலோ மீனைப் பரப்பிப் போட்டால் 3 நாளில் காய்ந்துவிடும். 30 கிலோவை, அதே வெயிலில், போதிய இடம் விட்டுப் பரப்பினால்? 9 நாள் என்று வேகமாகச் சொல்வார்கள். அதுவும் 3 நாள்தான். இங்கே விகிதமே இல்லை. இரட்டிப்பாக்கிப் பார்த்தால் இந்த வலையிலும் சிக்க மாட்டீர்கள்.

வயசுக் கணக்குல ரெண்டு பேருக்கும் அதே 6 வருஷம்தானே கூடுது? விகிதம் ஏன் மாறுது?

ஒரே எண்ணால் பெருக்கினால் விகிதம் மாறாது. ஒரே எண்ணைக் கூட்டினால் மாறும். 1:2 எடுத்து இரண்டிலும் 1 கூட்டுங்கள், 2:3 ஆகிவிட்டது. சின்ன எண்ணுக்கு அந்த 1 பெரிய விஷயம், பெரிய எண்ணுக்கு அவ்வளவு இல்லை.

ஆனால் வயதில் மாறாத ஒன்று இருக்கிறது: இருவருக்கும் இடையே உள்ள வித்தியாசம். மருமகனுக்கும் மாமாவுக்கும் இன்றைய வயது 3:5, 6 வருடம் கழித்து 2:3. இன்று வித்தியாசம் 2 பங்கு. பிறகு 1 பங்கு. வித்தியாசம் மாறக்கூடாதே? அதனால் 2:3ஐ இரண்டால் பெருக்கி 4:6 என்று எழுதுங்கள். இப்போது இரண்டிலும் வித்தியாசம் 2 பங்கு. மருமகன் 3லிருந்து 4க்கு, மாமா 5லிருந்து 6க்கு. இருவருக்கும் ஏறியது 1 பங்கு, அதுதான் அந்த 6 வருடம். இன்றைய வயது 18, 30. சமன்பாடு போட்டும் செய்யலாம், தடையில்லை. பங்கைப் பார்க்கிறவர்கள் அரைப் பக்கத்தை மிச்சம் பிடிப்பார்கள்.

கொடுக்கல் வாங்கல் கணக்கு, கலவைக் கணக்கு எல்லாத்துக்கும் இதே வழிதானா?

வழி அதே, மாறாத பொருள் மட்டும் வேறு. ஒருவர் மற்றவருக்குக் கொடுத்தால் மொத்தம் மாறாது. இருவரிடமும் 5:3 என்ற விகிதத்தில் பணம். முதலாமவர் 40 ரூபாய் கொடுத்ததும் சமமாகிவிட்டது. மொத்தம் 8 பங்கு, சமமானால் 4:4. போனது 1 பங்கு, அது 40. ஆரம்பத்தில் 200, 120.

கலவையில் ஒன்றை மட்டும் சேர்த்தால் மற்றது மாறாது. பெட்டியில் மீனும் ஐஸும் சேர்த்து 24 கிலோ, விகிதம் 1:1. இதை 2:3 ஆக்க எவ்வளவு ஐஸ் போட வேண்டும்? மீன் 12 கிலோ அப்படியேதான் இருக்கிறது. புது விகிதத்தில் அது 2 பங்கு, ஆகவே ஒரு பங்கு 6, ஐஸ் 18 கிலோ ஆக வேண்டும். இருப்பது 12. இன்னும் 6 கிலோ போடுங்கள். (உருகினதைக் கழிக்கணுமா சார் என்று கேட்ட பயல் ஒருவன் உண்டு. கேள்வியில் சொல்லாத வரை வேண்டாம்!) கொஞ்சம் மீனை எடுத்துவிட்டு அதே எடைக்கு ஐஸைப் போட்டால் அப்போது மாறாதது மொத்தம், கொடுக்கல் வாங்கல் மாதிரியே செய்யுங்கள்.

உண்டியல்ல 5 ரூபா, 2 ரூபா, 1 ரூபா காசு 2:3:4ல இருக்கு, மொத்தம் 200 ரூபா. 200ஐ 9ஆல வகுத்தா மீதி வருதே?

வரத்தான் செய்யும். 2:3:4 என்பது காசுகளின் எண்ணிக்கை, 200 என்பது மதிப்பு. இரண்டையும் கலக்கக்கூடாது, அலகு பற்றிய கேள்வியில் சொன்ன அதே எச்சரிக்கைதான், வேறு உடுப்பில். எண்ணிக்கையை மதிப்பாக மாற்றுங்கள்: 2 × 5 = 10, 3 × 2 = 6, 4 × 1 = 4. ஒரு கட்டுக்கு 20 ரூபாய். 200 ரூபாய்க்கு 10 கட்டு. காசுகள் 20, 30, 40. மதிப்பின் விகிதம் வேண்டுமென்றால் 10:6:4, அதாவது 5:3:2.

அ : ஆ = 3:4ன்னா, அவுக்கு 3, ஆவுக்கு 4னு நேரா போட்டுடலாமா?

கேள்வி எப்படி என்பதைப் பொறுத்தது. (2அ + ஆ) : (அ + 3ஆ) கேட்டால் போடலாம்; 10:15, அதாவது 2:3. உண்மையில் அ, ஆ என்பவை 3 பங்கு, 4 பங்கு. ஒரு பங்கு எவ்வளவாக இருந்தாலும் இரண்டு பக்கமும் அது பொதுவாக வந்து அடிபட்டுப் போகும்.

(அ + 5) : (ஆ + 5) என்று கேட்டால் போடக்கூடாது. அந்த 5ல் பங்கு இல்லை, அதனால் அடிபடாது. அ, ஆ 3, 4 என்றால் 8:9. 30, 40 என்றால் 35:45, அதாவது 7:9. விடை ஒன்றாக வரவில்லை பாருங்கள். வயதுக் கணக்கில் பார்த்ததுதான் இது.

வரைபடத்துல 1:50,000னு போட்டிருக்கு. அப்போ பரப்பளவும் 50,000 மடங்குதானே?

நீளம்தான் 50,000 மடங்கு. இந்திய நில அளவைத் துறையின் வரைபடங்களில் இந்த அளவுத்திட்டம் வழக்கம். தாளில் 1 செ.மீ. என்றால் தரையில் 50,000 செ.மீ., அதாவது அரைக் கிலோமீட்டர். பாம்பன் சாலைப் பாலம் 2.345 கி.மீ. நீளம். 2,34,500 செ.மீ.யை 50,000ஆல் வகுத்தால் தாளில் 4.69 செ.மீ. வரும்.

பரப்புக்கு நீளமும் அகலமும் இரண்டும் 50,000 மடங்காகின்றன. விகிதம் 1 : 50,000 × 50,000. தாளில் 1 செ.மீ.க்கு 1 செ.மீ. கட்டம் ஒன்று தரையில் அரைக் கிலோமீட்டருக்கு அரைக் கிலோமீட்டர், அதாவது 0.25 சதுர கி.மீ. இந்த வரைபடத்தில் ஒரு தீவு 6 சதுர செ.மீ. இடத்தைப் பிடித்தால் அதன் பரப்பு 1.5 சதுர கி.மீ.; 3 என்று எழுதினால் பாதி வேலையில் நின்றுவிட்டீர்கள். இரண்டு தொட்டிகள் ஒரே உருவத்தில் இருந்து உயரம் 1:2 என்றால், பிடிக்கும் தண்ணீர் 1:8 என்பதும் இதே கணக்குதான். அங்கே மூன்று தடவை பெருக்க வேண்டும்.